டேட்டா பேங்கில் சிக்கிய பன்னிரண்டு சென்ட்

வீடு கட்டுகிறவர்:

பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுக்கா. பாகப்பிரிவினையில் எனக்கு வந்த பன்னிரண்டு சென்டில் வீடு கட்ட பஞ்சாயத்தில் மனு கொடுத்தேன். கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி (2008) தயாரித்த டேட்டா பேங்கில், அதாவது நெல்வயல், ஈரநிலங்களின் பட்டியலில், அது நெல்வயலாம். மனு திரும்பி வந்துவிட்டது. அங்கே நிற்பவை அப்பா காலத்துத் தென்னைகள்.

சொந்த வீடில்லாதவர் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட் வரை வயலை நிரப்பிக்கொள்ளச் சட்டத்திலேயே வழியுண்டு, அதைக் கேள் என்றார்கள். அதற்கு மாவட்டத்தில் வேறு இடம் இருக்கக் கூடாது, சுற்றிலும் வயல் இருக்கக் கூடாது. அதெல்லாம் இருக்கட்டும், வயலே இல்லாத இடத்துக்கு நான் ஏன் சலுகை கேட்க வேண்டும்?

டேட்டா பேங்கிலிருந்து நீக்கக் கோரி ஆர்.டி.ஓ.வுக்கு (வருவாய்க் கோட்டாட்சியர்) ஐந்தாம் படிவம் கொடுத்தேன். வேளாண் அலுவலர் இடத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் 'வயல்' என்று ஒரே வரியில் அறிக்கை எழுத, மனு தள்ளுபடி. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நேரில் பார்க்க வேண்டும், இல்லையென்றால் செயற்கைக்கோள் படத்தை வரவழைக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டி, பணம் கட்டி, மாநிலத் தொலையுணர்வு மையத்தின் அறிக்கையை வாங்க வைத்தேன். 2008 படத்தில் என் பங்கில் தென்னந்தலைகள் வரிசையாகக் கரும்புள்ளிகள். வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரே பச்சை. அதற்குமேல் யாரும் வாதாடவில்லை.

டேட்டா பேங்கிலிருந்து இடம் நீங்கிய பிறகு, வருவாய்ப் பதிவேட்டில் நிலத்தின் வகையை மாற்ற ஆறாம் படிவம். 25 சென்டுக்கு மேற்படாத இடத்துக்குப் பொதுவாக வகை மாற்றக் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள்.

வயல்காரர் ஒருவர்:

தம்பி, உங்கள் நியாயம் சரிதான். வயலுக்கும் ஒரு நியாயம் உண்டு. எனக்கு மேல்வயலில் ஒருவர் பத்து சென்டில் மண்ணடித்தார், முறையான அனுமதியோடுதான். லாரி லாரியாகச் செம்மண் கொட்டியதில் மடை மூடிப்போயிற்று. ஆழியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிறது, என் வரப்புக்குள் இறங்குவதில்லை. பக்கத்துச் சாகுபடிக்குக் கேடு வரக் கூடாது என்று அதே சட்டத்தில் நிபந்தனை இருக்கிறது. கேட்கப் போனால், "நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள்.

கலெக்டருக்கு மனு போட்டிருக்கிறேன். வீட்டை இடிக்கச் சொல்லவில்லை. அடியில் ஒரு குழாய் பதித்துத் தரச் சொல்கிறேன். கட்டப் போகிறீர்களே, அஸ்திவாரத்துக்கு முன்னால் மடை எங்கே போகிறது என்று பார்த்துவிடுங்கள்.