வீட்டுக்கு ‘ஆய்வு’ என்று யாராவது வந்ததுண்டா? உங்கள் அனுபவம்

செராய்க்காரி:
மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராயில் அம்மா வீட்டுக்கு மறுசுழற்சி ஆய்வு என்று ஒரு மாணவி கேள்விப் பட்டியலோடு வந்தாள். “குப்பையைப் பிரிக்கிறீங்களா ஆன்ட்டி?” “பிரிக்கிறோம்மா.” “எப்பவுமா?” “எப்பவும்தான்.” கெடாவில் 2015 செப்டம்பரிலிருந்து பிரிப்பது கட்டாயம், அம்மா வேறு என்ன சொல்வார்? மறுசுழற்சிக்கு வாங்கிய நீலத் தொட்டி குளியலறையில் தண்ணீர் நிரம்பி நின்றது. காலையில் எங்கள் குழாயில் நூலாகத்தான் வரும். தேநீர் குடிக்க உட்கார்ந்திருந்தாலே பார்த்திருப்பாள். அடுத்த வீடு இருக்கிறது என்று எழுந்துவிட்டாள். இன்னும் மனசு ஆறவில்லை.

பஹாவ் பையன்:
பட்டியலைப் பழிக்காதீங்க அக்கா, கேள்விதான் கோளாறு. எங்கள் பாட்டியிடம் “நேற்று அப்பளம் பொரித்த எண்ணெயை என்ன செஞ்சீங்க?” என்று ஒருவர் கேட்டார். பாட்டி உடனே பின்வாசல் கால்வாயைக் காட்டினார். “எண்ணெயைச் சேர்த்து வைப்பீங்களா?” என்று கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பார்.

லாபிஸ் தாமான்:
தம்பி, எப்படிக் கேட்டாலும் வாயால் சொல்வது உண்மைக் கணக்கோடு பொருந்தாமல் போகலாம். வில்லியம் ராத்ஜே என்ற தொல்லியலாளர் 1973-இல் அமெரிக்காவின் டூசான் நகரில் வீட்டுக் குப்பையை ஆராயத் தொடங்கினார். மக்கள் சொன்ன பீர் கணக்கைவிடக் குப்பையில் கிடந்த டின்கள் அதிகம். ஆனால் நம் ஊரில் அதைச் செய்வது லேசு இல்லை. ஒரு குழுவோடு நானும் போனேன். ஒரு வீட்டில் மாமியார் சம்மதித்துக் குப்பைப் பையைக் கொடுத்தார். பிரித்ததும் சம்சு என்கிற மலிவு சாராயப் போத்தல்கள் உருண்டன. வாசலில் நின்ற மருமகளின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

தண்டல் வீட்டு மகன்:
லாபிஸ் அண்ணா, அதனால்தான் குப்பையில் கைவைக்கும் முன் வீட்டில் எல்லாரிடமும் கேட்க வேண்டும். எங்கள் தோட்டத்திலும் வந்தார்கள், கோயில் தலைவரிடம் மட்டும் பேசிவிட்டுப் போனார்கள். யாராவது இந்த ஆய்வு வேலையில் இருந்தால் அவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் அரை நாள் அடுப்படியில் உட்காருங்கள், எது தடுக்கிறது என்று அங்கேதான் தெரியும். தண்ணீர்ப் பிரச்சினையால் தொட்டியில் தண்ணீர் பிடித்து வைக்கும் வீட்டுக்கு, குப்பையைப் பிரிக்கச் சொல்லும் சுவரொட்டி எதற்கு? அப்புறம் ஒரு வாரம் வீட்டுக்காரர்களே தங்கள் குப்பையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். எத்தனை வீட்டில் இதே நிலை என்று எண்ணத்தான் கேள்விப் பட்டியல், அது கடைசி. ஆள் பக்கத்தில் நின்றால் எல்லாரும் ஒழுங்காகத்தான் போடுவார்கள். அதனால் புதுத் தொட்டி கொடுத்தால் சில மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள், அது எதற்குப் பயன்படுகிறது என்று.

செராய்க்காரி:
அம்மாவுக்குப் படம் அனுப்பத் தெரியாது தம்பி. குரல் பதிவு என்றால் நாள் முழுக்க அனுப்புவார்.