இன்ட்ரோகிரெஷனுக்கு ‘மரபணு ஊறல்’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

தாய்லாந்தின் ஆற்றுக் கெளுத்திகளைப் பற்றிக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு கட்டுரை எழுதிவருகிறேன். மூன்று நாள்களாக ஒரே சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்: இன்ட்ரோகிரெஷன் (introgression), அதாவது ஓரினத்தின் மரபணுக்கள் கலப்பினம் வழியாக இன்னோர் இனத்துக்குள் மெல்லச் சேர்ந்து நிலைப்பது. சென்ற மடலில் இதற்கு ‘மரபூறல்’ என்ற சொல்லை முன்வைத்தேன், மறுப்புகள் வந்தன. ‘மரபணு ஊடுருவல்’, ‘மரபுக் கலப்படம்’, ‘கலப்பு’ என்று நண்பர்கள் தந்த மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றும் ஒட்டவில்லை. நடப்பது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மத்தியத் தாய்லாந்தின் கால்வாய்களிலும் வயல்நீரிலும் இயல்பாக வாழும் கெளுத்தி ஒன்றை அங்கே ‘பிளா துக் ஊய்’, சுருக்கமாக ‘ஊய்’, என்கிறார்கள். அறிவியல் பெயர் கிளாரியஸ் மேக்ரோசெபாலஸ். பெருந்தலைக் கெளுத்தி என்று நான் எழுதியிருக்கிறேன். சுவையான மீன், ஆனால் வளர நாளாகும். 1980களில் அங்கே ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்து சேர்ந்தது. இந்தியாவில் வளர்க்கத் தடை இருப்பதாகச் செய்தித்தாள்களில் படிக்கிறோமே, அதே மீன்தான். அது விறுவிறுவென்று வளரும், சதை அவ்வளவு சுவைக்காது. ஊய் பெண்மீனின் முட்டையை ஆப்பிரிக்க ஆணின் விந்தோடு சேர்த்துப் பண்ணைக்காரர்கள் ஒரு கலப்பினத்தை எடுத்தார்கள். ‘பிக் ஊய்’ என்ற பெயரில் அது சந்தையை நிறைத்துவிட்டது.

ஊய்க்கு 54 குரோமோசோம்கள், ஆப்பிரிக்க மீனுக்கு 56. இரண்டும் சேர்ந்த குஞ்சின் கருவளம் குறைவு. ஆனாலும் அடியோடு இல்லாமல் போவதில்லை. சாவ் பிரயா ஆற்றின் சமவெளியில் வெள்ளம் வந்தால் குளத்து மீன் ஆற்றுக்குப் போய்விடும். போதாக்குறைக்கு, புண்ணியம் கருதிச் சந்தை மீனை வாங்கி ஆற்றில் விடும் வழக்கமும் அங்கே உண்டு. தப்பிய கலப்பினம் காட்டு ஊயுடன் சேர்கிறது. அதன் குஞ்சு மறுபடியும் ஊயுடன் சேர்கிறது. ஆப்பிரிக்கப் பங்கு 50 விழுக்காட்டிலிருந்து சராசரியாக 25, 12.5, 6.25 என்று இறங்கிக்கொண்டே போகும். மத்தியத் தாய்லாந்தின் இயல்நீர்களில் பிடித்த ஊய் மீன்களில் ஆப்பிரிக்க மரபணுத் தடயம் இருப்பதை 2004இல் வெளியான ஆய்வு காட்டியது.

தலையின் பின்பக்க எலும்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தே இந்த மீன்களை இனம் பிரிப்பார்கள். ஊய்க்கு விளிம்பு வளைந்து மழுங்கி இருக்கும். ஆப்பிரிக்க மீனுக்கும் கலப்பினத்துக்கும் பல் பல்லாக நெருடும். ஆனால் நான்கைந்து தலைமுறை கடந்த மீனில் விரலை நம்ப முடியாது. பார்வைக்கு அச்சு அசல் ஊயாகவே இருக்கும் மீனின் உள்ளே வேற்றினத்தின் துணுக்குகள் நிலைத்திருக்கும்.

இதை வைத்துச் சொற்களைப் பார்ப்போம். ‘கலப்பு’ என்பது முதல் சேர்க்கைக்கே சரியாகப் போய்விடுகிறது. அதற்குப்பின் வரும் பிற்கலப்புகளின், அதாவது கலப்பினம் மறுபடி மறுபடி பெற்றோர் இனத்துடன் சேர்வதன், தொடர்ச்சி அதில் இல்லை. மாணவர்களுக்கு இன்னொரு குழப்பமும் வரும். அயல் அல்லீல்கள் (ஒரே மரபணுவின் மாற்று வடிவங்கள்) சேர்ந்தால் இனக்கூட்டத்தின், அதாவது ஓரிடத்தில் வாழும் ஓரின மீன்களின், மரபணுப் பல்வகைமையைக் காட்டும் எண் உயரக்கூடும். எண் உயர்ந்ததைக் கண்டு நல்லது நடந்ததாக நினைத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் அந்த ஆற்று மீனுக்கே உரிய அல்லீல் சேர்க்கை கரைந்துகொண்டிருக்கும். எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான். இதற்காகவே தனிச்சொல் வேண்டும் என்கிறேன்.

‘கலப்படம்’ என்றால் குற்றம் என்றாகிவிடும். திபெத்தியர் உயரமான மலைகளில் மூச்சுத் திணறாமல் வாழ உதவும் மரபணு வடிவம் டெனிசோவன் என்ற பழைய மனித இனத்திடமிருந்து இதே வழியில்தான் வந்தது. அதைக் கலப்படம் என்று யார் எழுதுவார்கள்? ‘ஊடுருவல்’ எனக்கு எல்லைப் பாதுகாப்புச் செய்தியை நினைவூட்டுகிறது. வேகமும் உள்நோக்கமும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

உப்பிட்ட சில நாள்களில் ஜாடியிலிருந்து ஒரு மாவடுவை எடுத்துப் பாருங்கள். பச்சை நிறம் அப்படியே, காம்பு அப்படியே. கடித்தால் கொட்டை வரை உப்பு. ‘ஊறிவிட்டது’ என்கிறோம். மெல்ல நடப்பது, மேலே தெரியாமல் உள்ளே சேர்வது, சேர்ந்தபின் பிரிக்க முடியாதது என மூன்றும் இந்த ஒரு வினைக்குள் இருக்கின்றன. அதனால்தான் சென்ற மடலில் ‘மரபூறல்’ என்றேன்.

அதற்கு வந்த மறுப்புகளில் இரண்டு வலுவானவை. காவல்துறைச் செய்திகளில் ‘சாராய ஊறல்’ வருகிறதே என்றார் ஒரு நண்பர். வருகிறது, அங்கும் நாள்பட ஊறுவதுதான் பொருள், முன்னொட்டு வேறுபடுத்திவிடும். அம்மையார் ஒருவர் சொன்னதை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை: காதால் கேட்டால் ‘மரபூறல்’ ‘மரபு மீறல்’ போல ஒலிக்கிறது. வகுப்பில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். கடைசி வரிசை மாணவர் ‘மீறல்’ என்றே எழுதியிருந்தார். ஆகவே இரு சொற்களையும் புணர்த்தி எழுதுவதைக் கைவிடுகிறேன். ‘மரபணு ஊறல்’ என்று பிரித்தே எழுதலாம். நீளம் கூடினாலும் குழப்பம் இல்லை.

பதிவுக்கான வரையறை: மரபணு ஊறல் – கலப்பினம் ஒரு பெற்றோர் இனத்துடன் தலைமுறைதோறும் பிற்கலப்புறுவதால், மற்ற இனத்தின் மரபணுக்கள் அவ்வினக்கூட்டத்தில் நிலைபெறுதல். இதற்கு உள்ளான இனக்கூட்டத்தை, ‘விரிசல் கண்ட சுவர்’ என்பதுபோல், ‘ஊறல் கண்ட இனக்கூட்டம்’ என்று கட்டுரையில் எழுதியிருக்கிறேன். ‘ஊறிய இனக்கூட்டம்’ எதையோ தண்ணீரில் போட்டு வைத்ததுபோல் இருக்கிறது.

ஊறல் காணாத மீனைக் குறிக்கத்தான் இன்னும் சொல் அகப்படவில்லை. ‘தூய’ என்ற அடைமொழியை உயிரினங்களுக்குப் போட என் கை வரவில்லை. திங்கட்கிழமை கட்டுரையை அனுப்ப வேண்டும். அதற்குள் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.