கஜகஸ்தான் ஸ்டெப்பிப் புல்வெளி: உழுது கைவிட்ட நிலத்தில் பழைய புல் திரும்புமா?

கேள்வி:
1954-ல் சோவியத் தலைவர் குருஷேவ் தொடங்கிய 'கன்னி நிலத்' திட்டத்தில் கஜகஸ்தானில் மட்டும் சுமார் 2.5 கோடி ஹெக்டேர் புல்வெளியைக் கோதுமைக்காக உழுதிருக்கிறார்கள். சோவியத் உடைந்த பிறகு அதில் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் தரிசாகிவிட்டது. அப்படியென்றால் மனிதர் கை படாத பழைய ஸ்டெப்பி திரும்பக் கிடைத்துவிட்டதா?

பதில் 1:
கை படாத நிலமாக அது எப்போது இருந்தது? கசாக்குகள் பல நூற்றாண்டுகளாகக் கோடையில் வடக்கேயும் குளிரில் தெற்கேயும் ஆடு, குதிரைகளை ஓட்டிப்போய் மேய்த்த நிலம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ரஷ்யக் குடியானவர்கள் வந்து நல்ல கருமண்ணை உழ ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் 1930-33ல் சோவியத் அரசு கூட்டுப்பண்ணை என்று மந்தைகளைப் பிடுங்கியதில் கால்நடைகளில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது, சுமார் 15 லட்சம் பேர் பட்டினியில் செத்தார்கள். இருபது வருஷம் கழித்து அதே மண்ணுக்குக் கன்னி நிலம் என்று பெயர் வைத்தது எனக்கு இன்றும் ஆறவில்லை.

பதில் 2:
மண்ணையும் பாருங்கள். மழை குறைந்த, காற்று அடிக்கிற இடத்தில் மண்ணைப் புரட்டிப் போடும் கலப்பையால் ஆழ உழுதார்கள். 1960-களின் தொடக்கத்தில் வடகிழக்கு கஜகஸ்தானின் பாவ்லோதார் பக்கத்து மணற்பாங்கான வயல்களில் மேல்மண் புழுதியாகப் பறந்தது. வடக்கு கஜகஸ்தானின் ஷோர்தாந்தியில் வேளாண் விஞ்ஞானி பராயெவ் குழுவினர் மண்ணைப் புரட்டாமல் அடியில் மட்டும் அறுத்து, அறுவடைத் தாளை மேலேயே நிற்கவிடும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் கொஞ்சம் அடங்கியது.

கேள்வி கேட்டவர்:
சரி, இப்போது அங்கே என்னதான் முளைக்கிறது?

பதில் 3:
முதல் சில வருஷம் களைதான். அடுத்து மாசிபத்திரி வகைச் செடிகள், நம் மரிக்கொழுந்துக்கு உறவு. பக்கத்தில் உழாத துண்டு ஏதாவது மிஞ்சியிருந்தால் அங்கிருந்து இறகுப்புல் மெல்ல வரும். அதன் விதையின் நீண்ட வால் ஈரம் பட்டால் முறுக்கு அவிழ்ந்து, காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொண்டு, விதையைத் தானாகவே மண்ணுக்குள் இறக்கிவிடும். பத்து இருபது வருஷத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் பழைய ஸ்டெப்பி போலவே தெரியும், ஆனால் குனிந்து எண்ணினால் பல பூச்செடிகள் இருக்காது. மேய்க்க ஆள் இல்லாமல் போய்விட்டதால் காய்ந்த புல் குவிந்து பெருந்தீயும் பிடிக்கிறது. 2015-ல் சில வாரங்களில் இந்த ஸ்டெப்பியின் சைகா மான்கள் 2 லட்சத்துக்கு மேல் செத்தன; மிஞ்சியவை பெருகி இப்போது பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஆனால் ஊரிலிருந்து ரொம்பத் தள்ளியிருக்கும் புல்வெளிகளுக்கு ஆடுகளும் குதிரைகளும் இன்னும் போவதில்லை.