லீவு மனு, முன்விடுதலை ஃபைல்: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

ஆற்காட்டிலிருந்து

என் தம்பி வேலூர் தொரப்பாடி ஜெயிலில் ஆயுள் கைதி. மனு போட்டு அவனைப் பார்க்கப் போகிற நாளில் வாசலில் நிற்கிறவர்கள் ஒருவரையொருவர் கேட்பது, "உங்க ஃபைல் இப்ப எங்க இருக்கு?" என்பதுதான். 2021இல் அண்ணா பிறந்தநாளையொட்டி 700 கைதிகளைத் தண்டனை முடியும் முன்பே விடுவிக்கப் போவதாக அரசு அறிவித்ததும் அம்மா அவனுக்கு வேட்டி சட்டைகூட எடுத்து வைத்துவிட்டார். கடைசியில் வந்தது ஒரே வரி: பரிசீலித்து நிராகரிக்கப்பட்டது.

ஏன்? யாரும் சொல்லவில்லை. ஆர்.டி.ஐ. போட்டு, மேல்முறையீடும் செய்த பிறகுதான் சில தாள்கள் கைக்கு வந்தன. நன்னடத்தை அலுவலர் சாதகமாகத்தான் எழுதியிருந்தார். காவல் நிலைய அறிக்கைதான் கவிழ்த்துவிட்டது: இவன் வெளியே வந்தால் ஊரில் சட்டம் ஒழுங்கு கெடுமாம். எதிர்த்தரப்புக் குடும்பம் ஓசூருக்குக் குடிபோய் எத்தனையோ வருஷம் ஆகிறது. அதைவிட ஒன்று சொல்கிறேன். எங்கள் தெருப் பெயரை முன்பு ஒரு லீவு (பரோல்) மனுவுக்கான போலீஸ் அறிக்கையில் தப்பாக எழுதியிருந்தார்கள். அதே தப்பு இதிலும் அப்படியே இருந்தது. பழைய தாளைப் பார்த்துத் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். தெருவுக்குள் ஒருவரும் கால் வைக்கவில்லை.

குடியாத்தத்திலிருந்து

எங்களுடையது விடுதலை இல்லை, அவசர லீவு. 1982ஆம் வருஷத்துத் தண்டனை நிறுத்த விதிகளில் சாவு, கடும் நோய், கல்யாணம் இதற்கெல்லாம் லீவு உண்டு. நைனா இறந்ததும், உள்ளே இருக்கும் அண்ணனுக்காக மனு கொடுத்தோம். அனுமதியும் கிடைத்தது, ஆனால் வழிக்காவலோடு, அதாவது போலீஸ் கூடவே வர வேண்டும். வழிக்காவலுக்கு ஆள் ஒதுக்க இழுத்தடித்தார்கள். அண்ணன் எடுக்கிறதுக்குள் வந்து சேரவில்லை, பாலுக்குத்தான் வந்தார். கொள்ளி சித்தப்பா வைத்தார். வழிக்காவல் வேண்டும் என்று எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று கேட்டால், "மேலிருந்து வந்தது" என்கிறார்கள்.

ஆம்பூரிலிருந்து

நான் அந்தப் பக்கத்து ஆள். கொலையானவர் என் அக்கா புருஷன். உங்கள் வலி புரிகிறது, ஆனாலும் சொல்கிறேன். அவரை வெட்டியவனை ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கையில் கிளாஸோடு பார்த்தாள் அக்கா. வெளியே விட்டார்கள் என்று எங்களுக்கு ஒரு தபால்கூட இல்லை. விசாரித்தால், 'பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு ஆட்சேபணை இல்லை' என்று ஃபைலில் இருக்கிறதாம். எங்களை யார் கேட்டது? 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு நாங்கள் திருப்பத்தூர், ஜெயில் வேலூர். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அடுத்த மாவட்டத்தைக் கை காட்டுகிறார்கள். விடவே கூடாது என்று அக்கா சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் வைத்துத் தெரிந்துகொண்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

காட்பாடி வக்கீல் ஒருவர்

ஆற்காட்டு அக்காவுக்கும் ஆம்பூர்க்காரருக்கும் நடந்தது ஒரே தப்புதான். காரணம் எழுதாமல், எழுதினாலும் சம்பந்தப்பட்டவருக்குக் காட்டாமல் முடிவெடுப்பது.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் பெற்றவர் குறைந்தது 14 வருஷம் உள்ளே இருக்க வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433ஏ பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 475. அரசியல் சாசனத்தின் 161ஆவது பிரிவில் ஆளுநருக்கு உள்ள தண்டனைக் குறைப்பு அதிகாரம் தனி. அதிலும் அமைச்சரவை முடிவுக்கு ஆளுநர் கட்டுப்பட்டவர் என்பதை நம் ஜோலார்பேட்டைப் பேரறிவாளன் வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2018இல் அமைச்சரவை பரிந்துரைத்த ஃபைல் அது!

எதைப் பார்க்க வேண்டும் என்பதை 2000இலேயே லட்சுமண் நஸ்கர் வழக்கில் சொல்லிவிட்டார்கள். குற்றம் சமூகத்தைப் பாதித்ததா, திரும்பச் செய்வாரா, இனியும் உள்ளே வைப்பதால் என்ன பயன், குடும்பத்தின் நிலை என்ன, இப்படி. தெருவுக்கு வராமல் எழுதிய அறிக்கையில் இதற்கெல்லாம் பதில் எங்கே இருக்கும்? 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: கொள்கை இருக்கும் மாநிலத்தில் தகுதி வந்துவிட்டால் மனு இல்லாமலே பரிசீலிக்க வேண்டும், நிராகரித்தால் சுருக்கமாகவாவது காரணம் எழுதி கைதிக்குத் தர வேண்டும். சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் அகாடமி தொரப்பாடியிலேயே இருக்கிறது. அந்தத் தீர்ப்பை அங்கே முதல் பாடமாக வைக்கலாம்.

இங்கிலாந்திலும் இதே கூத்துதான். அங்கே யாரை விடுவிப்பது என்று முடிவு செய்யும் பரோல் போர்டு தனி அமைப்பு, ஆனால் காரணத்தை வெளியே சொல்ல விதியே தடையாக இருந்தது. பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்த ஜான் வொர்பாய்ஸ் என்ற டாக்ஸி டிரைவரை விடுவிக்க முடிவானதும் பாதிக்கப்பட்ட பெண்களே கோர்ட்டுக்குப் போனார்கள். 2018 மார்ச்சில் அந்த முடிவு ரத்தானது, தடை விதியும் செல்லாது என்றானது. அப்புறம் முடிவின் சுருக்கத்தைக் கேட்டு வாங்கலாம் என்று ஆக்கினார்கள். 2019 முதல் மறுபரிசீலனை கேட்கவும் வழி வந்தது.

என்னைக் கேட்டால், போலீஸ் அறிக்கையின் நகல் கைதிக்கு முன்கூட்டியே போக வேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பத்தை நேரில் கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். கெடு தாண்டி ஃபைலைத் தூங்க வைத்தவர் யாருக்காவது பதில் சொல்ல வேண்டும். புது போர்டு, புதுப் பெயர்ப் பலகை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆற்காட்டிலிருந்து

சரி சார், பழைய நிராகரிப்புக்கு இப்போது காரணம் கேட்கலாமா? வக்கீல் வைக்க வசதியில்லை.

காட்பாடி வக்கீல்

கேட்கலாம் அக்கா. புதிதாகப் பரிசீலிக்கச் சொல்லியும் அதோடு சேர்த்தே கேளுங்கள். சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, காசு வாங்க மாட்டார்கள். அந்த இரண்டு அறிக்கையின் நகலையும் கையோடு கொண்டுபோங்கள். தெருப் பெயருக்கு அடியில் கோடு போட்டு.