மாலத்தீவு 2023 தேர்தல்: சோலிக்கும் முய்சுவுக்கும் வெளியுறவில் உண்மையிலேயே என்ன வித்தியாசம்?

கேட்டவர்: கடல்காகம்
அந்தத் தேர்தல் சமயத்தில் நம் டிவிக்காரர்கள் சொன்னது ஒரே வரிதான்: அப்போதைய அதிபர் சோலி இந்தியா பக்கம், எதிர்த்து நின்ற முய்சு சீனா பக்கம். ஆனால் ஜெயித்த முய்சு 2024 அக்டோபரில் டெல்லிக்கு வந்து 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்ற வசதி வாங்கிக்கொண்டு போனார், 2025 ஜூலையில் அவர்கள் சுதந்திர தினத்துக்கு மோடிதான் சிறப்பு விருந்தினர். அப்போ தேர்தலில் எதற்குத்தான் சண்டை போட்டார்கள்?

பழைய பேப்பர்
சண்டை ராணுவத்தைப் பற்றியது. இந்தியா கொடுத்த இரண்டு ஹெலிகாப்டர், ஒரு டோர்னியர் விமானம், அவற்றை இயக்க நூற்றுக்கும் குறைவான இந்திய வீரர்கள். தூரத்துத் தீவுகளிலிருந்து நோயாளிகளைத் தூக்கிவருவதும் இவர்கள் வேலைதான். சோலி இதில் தப்பே இல்லை என்றார், 'இந்தியாவே வெளியேறு' பிரசாரத்துக்கு 2022இல் ஆணை போட்டுத் தடையே விதித்தார் (அங்கேதான் சறுக்கினார் என்பது என் கருத்து, தடை போட்டால் சந்தேகம் கூடத்தானே செய்யும்). முய்சு வீரர்களைத் திருப்பி அனுப்புவேன் என்றார், 2024 மே மாதத்துக்குள் அனுப்பியும் விட்டார். விமானங்கள் அங்கேயே இருக்கின்றன, இயக்க இந்தியாவிலிருந்தே சிவில் ஆட்கள் வந்தார்கள், அது வேறு கதை.

ரெண்டாம் சுற்று
இதை மட்டும் வைத்து 'வித்தியாசம் கொஞ்சம்தான்' என்று முடிவு கட்டாதீர்கள். சோலி காலத்தில், 2019இல், கடலடி அளவைக்கு இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டார்கள். முய்சு வந்ததும் அதைப் புதுப்பிக்கவில்லை, 2024 பிப்ரவரியில் சீன ஆய்வுக் கப்பல் ஒன்று தலைநகர் மாலேவுக்கு வந்து நின்றது. பதவியேற்றதும் முய்சு முதலில் போனது துருக்கி, ஜனவரியில் பெய்ஜிங், டெல்லி அப்புறம்தான். மாலேவையும் விமான நிலையத் தீவையும் இணைக்கும் பாலம் சோலிக்கு முந்தைய அதிபர் யாமீன் ஆட்சியில் சீனக் கடனும் மானியமுமாகக் கட்டியது, அப்போது வீட்டுவசதி அமைச்சர் முய்சு. இதெல்லாம் மேடைப் பேச்சு இல்லை.

பணம் மட்டும்தான் அவரைத் திருப்பியது. டாலர் கையிருப்பு கரைந்து, கடன் தவணை கழுத்தை நெரித்தபோது கை கொடுத்தது டெல்லிதான்.

முத்துநகர்
தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். இங்கேயிருந்து மாலேவுக்குச் சரக்கு போவது யார் அதிபரானாலும் நின்றதில்லை, எதுவும் விளையாத தீவுகளுக்கு வெங்காயம் வேண்டும் இல்லையா. இன்னொன்று, 1988 நவம்பரில் அங்கே ஆட்சியைக் கவிழ்க்கப் போன கூலிப்படை இலங்கைத் தமிழர் இயக்கமான புளொட்டைச் சேர்ந்தது, அப்போதைய அதிபர் கயூம் கூப்பிட்டதும் இந்தியப் படை போய் அடக்கிவிட்டுத் திரும்பியது. கூப்பிட்டு வந்த படைக்கும், ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று முழுசாகச் சொல்லாமல் தங்கும் படைக்கும் அந்த ஊர் மக்கள் வேறு வேறு கணக்குதான் போடுவார்கள். உதுரு திலா ஃபல்ஹு கடலோரக் காவல்படைத் துறைமுகத்துக்கு 2021இல் இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டபோது கிளம்பிய கோபத்தை சோலி லேசாக எடுத்துக்கொண்டார்.

பழைய பேப்பர்
சரி, அந்தத் துறைமுகத்தை மறந்துவிட்டேன். ஆனால் சோலி தோற்றதற்கு வெளியுறவு மட்டும் காரணமில்லை. முன்னாள் அதிபர் நஷீத் சோலியின் கட்சியை உடைத்துக்கொண்டு போனார், அவர் பக்கத்து வேட்பாளர் முதல் சுற்றில் சுமார் 7 சதவீதம் பிரித்தார். அது ஒன்றாக இருந்திருந்தால் இந்தக் கேள்வியையே வேறு மாதிரி கேட்டிருப்பீர்கள்.