அட்டைப் படத்துச் சிறுமியின் கால்கள் ஏன் தரையில் இல்லை?

இரவுவாசகி:

வணக்கம். பதின்மூன்று வயது மகள் பள்ளி நூலகத்திலிருந்து ரான்சம் ரிக்ஸ் எழுதிய ‘மிஸ் பெரெக்ரின்ஸ் ஹோம் ஃபார் பெக்யூலியர் சில்ட்ரன்’ நாவலைக் கொண்டுவந்தாள். மூன்று நாளில் முடித்துவிட்டாள். சும்மா புரட்டிப் பார்க்கலாம் என்று எடுத்த நான் இப்போது இரண்டாம் முறை படித்துக்கொண்டிருக்கிறேன்.

பேய்க்கதைகள் எனக்குப் புதிதில்லை. சிறுவயதில் வாடகை நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன், ஒன்றும் என்னோடு தங்கியதில்லை. இந்தப் புத்தகத்தின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் மட்டும் போக மறுக்கின்றன. அட்டையில் தலையில் சின்னக் கிரீடத்தோடு ஒரு சிறுமி. சிரிக்கவில்லை, அழவுமில்லை. நேராக நம்மைப் பார்க்கிறாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண் கீழே போகிறது: கால்கள் தரையைத் தொடவில்லை. அந்த ஒரு கணத்தில் வயிற்றுக்குள் ஏதோ நழுவுவது போல இருந்தது. இரவில் புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

இதே சிறுமியை ஓவியர் ஒருவர் வரைந்திருந்தால் இவ்வளவு தூரம் உள்ளே போயிருக்குமா? போயிருக்காது என்றுதான் தோன்றுகிறது, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. அப்புறம், எல்லாம் கம்ப்யூட்டரில் செய்தது என்று மகள் அடித்துச் சொல்கிறாள். உண்மையா?

இருட்டறை:

உங்கள் மகளிடம் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைக் காட்டுங்கள் அம்மா. படங்கள் எல்லாம் உண்மையான பழைய புகைப்படங்கள், சிலவற்றில் மட்டும் சிறிதளவு திருத்தம் செய்யப்பட்டது என்று அங்கேயே அச்சிட்டிருக்கிறது. பத்து சேகரிப்பாளர்கள் தங்களிடமிருந்து கொடுத்தவை. ரிக்ஸும் பழைய பொருள் சந்தைகளில் முகம் தெரியாதவர்களின் படங்களைப் பொறுக்கிச் சேர்ப்பவர். முதலில் வெறும் படப் புத்தகமாகப் போடத்தான் நினைத்திருந்தார். இவற்றை வைத்து ஒரு கதை எழுதலாமே என்று பதிப்பாசிரியர் சொல்ல, 2011இல் நாவலாக வந்தது. படம் முன்னால், கதை பின்னால்.

நான் இருபத்தைந்து வருடம் ஸ்டூடியோ டார்க் ரூமில் வேலை செய்தவன். அந்தச் சிறுமியின் படத்தை எப்படி எடுத்தார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் செய்ய வழிகள் உண்டு. குதிக்கச் சொல்லி உச்சியில் இருக்கும்போது அமுக்கலாம். இல்லை, ஸ்டூலில் நிறுத்தி ஒரு நெகட்டிவ், அதே இடத்தில் வெறும் தரையை ஒரு நெகட்டிவ் எடுத்து, பிரிண்ட் போடும்போது அட்டையால் மறைத்து மறைத்து இரண்டையும் ஒரே தாளில் இறக்கலாம். மிச்சம் டச்சிங். பென்சிலை ஊசி போலச் சீவி நெகட்டிவில் புள்ளி புள்ளியாக வைத்தால் அந்த இடம் பிரிண்டில் வெளுக்கும். பிளேடு நுனியால் நெகட்டிவின் மேல் பூசிய மருந்தைச் சுரண்டினால் கறுக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. கம்ப்யூட்டர் இல்லாமலே மனிதர்கள் இதில் கெட்டிக்காரர்கள்.

1917இல் இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்தில் பதினாறு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பெண்கள், காகிதத்தில் வெட்டிய தேவதைகளைத் தொப்பி ஊசியால் குத்தி நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஷெர்லக் ஹோம்ஸை உருவாக்கிய கானன் டாயிலே நம்பினார். வெட்டிய காகிதம்தான் என்று அவர்கள் ஒப்புக்கொண்டது 1983இல், பாட்டிகளான பிறகு.

இன்னொன்று. 1900இல் கோடாக் நிறுவனம் பிரவுனி கேமராவை ஒரு டாலருக்கு விற்க ஆரம்பித்தது. அதற்கப்புறம் படம் எடுக்க ஸ்டூடியோ தேவைப்படவில்லை, வீட்டு முற்றத்திலேயே விளையாட்டாக எடுத்தார்கள். வீட்டுப் பெரியவர் போனதும் ஆல்பம் சந்தைக்கு வருகிறது. வாங்குகிறவருக்குப் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. எனக்கு அதுதான் மனசைப் பிசைகிறது.

மூன்றாம்பெஞ்ச்:

இருட்டறை ஐயா சொன்னதைக் கதைக்குள்ளேயே வைத்திருக்கிறார் ரிக்ஸ். தாத்தா ஏப் ஒரு பழைய சுருட்டுப் பெட்டியிலிருந்து இந்தப் படங்களை எடுத்துப் பேரன் ஜேக்கபுக்குக் காட்டுகிறார். மிதக்கும் பெண், தலை தெரியாமல் உடை மட்டும் தெரிகிற பையன். சின்ன வயதில் நம்பிய பேரன், வளர்ந்ததும் ‘மட்டமான பித்தலாட்டம்’ என்று ஒதுக்கிவிடுகிறான். நமக்கும் அப்படித்தானே பட்டது? நம் சந்தேகத்தை நாவல் முதலிலேயே நம்மிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. பிறகு அது உண்மை என்று ஆகும்போது மறுக்க நம்மிடம் ஒன்றும் மிச்சமில்லை.

தாத்தா போலந்திலிருந்து தப்பிய யூதச் சிறுவர். பன்னிரண்டு வயதில் வேல்ஸ் பக்கம் ஒரு தீவில் இருந்த இல்லத்துக்கு அனுப்பிவைக்கிறார்கள். குடும்பத்தில் வேறு யாரும் பிழைக்கவில்லை. தாத்தா சொன்ன அரக்கர்கள் நாஜிகள்தான் என்று ஜேக்கபின் அப்பா விளக்குகிற இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அந்தக் காலத்துக் குழந்தைகளின் படங்களைப் பார்க்கும்போது, இதில் யார் யார் பிழைத்தார்களோ என்ற கேள்வி தானாக வந்துவிடுகிறது. ஓவியத்தில் அந்தக் கேள்வி எழாது, ஏனென்றால் ஓவியத்துக் குழந்தைக்குச் சாவு கிடையாது. உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்.

அந்த இல்லத்துக் குழந்தைகள் வாழ்கிற நாளையும் யோசித்துப் பாருங்கள். 1940 செப்டம்பர் 3. இரவில் ஜெர்மன் குண்டு வீட்டின் மேல் விழப் போகும் நேரத்தில் இல்லத்தின் தலைவி மிஸ் பெரெக்ரின் பொழுதைத் திருப்பிவிடுகிறார். மறுபடி அதே நாள், அதே வெயில். யாருக்கும் வயதாகாது. வெளியே வந்து தங்கினால் தப்பித்த வருடங்கள் எல்லாம் ஒரே மூச்சில் மேலே விழும். புகைப்படம் என்பதே இப்படி ஒரு நாள்தானே? படத்துக்குள் இருக்கும்வரை அந்தச் சிறுமிக்கு வயது ஏறாது.

கடற்காகம்:

2016இல் வந்த டிம் பர்ட்டன் திரைப்படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் புத்தகம் முடித்த பிறகு பாருங்கள். நாவலில் இல்லத்துப் பெண்களில் எம்மாவின் கையில் நெருப்பு எழும், ஆலிவ் மிதப்பாள். திரைப்படத்தில் இருவரின் திறமையையும் இடம் மாற்றிவிட்டார்கள். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் எனக்குப் பயம் வரவில்லை. அசைகிற படம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. நின்றுபோன படம்தான் அடுத்து என்ன நடந்தது என்று நம்மைக் கேட்க வைக்கிறது.

அடுத்த பாகங்களில் சில இடங்களில், கையில் ஒரு படம் இருக்கிறது என்பதற்காகவே ஒரு பாத்திரத்தை அழைத்து வந்தது போல எனக்குப் பட்டது. முதல் பாகத்தில் அந்தத் தையல் தெரியவில்லை. ரிக்ஸ் 2012இல் வெளியிட்ட ‘டாக்கிங் பிக்சர்ஸ்’ கிடைத்தால் விடாதீர்கள். கதை இல்லை, எழுத்து உள்ள பழைய படங்கள் மட்டும். யாரோ யாருக்கோ கிறுக்கி வைத்த ஒன்றிரண்டு வரிகள். நான் அதிகம் கலங்கியது அந்தப் புத்தகத்தில்தான்.

இரவுவாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா எழுதியதை நேற்று ராத்திரி மகளுக்குப் படித்துக் காட்டினேன். உடனே புத்தகத்தை எடுத்து, மேசை விளக்கைக் கிட்டே இழுத்து, அந்தக் கால்களுக்குக் கீழே வெகுநேரம் பார்த்தாள். எங்காவது ஸ்டூலின் தடம் இருக்கிறதா என்று நகத்தால் ஓரம் ஓரமாகத் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை.

அப்புறம் என்னிடம் கேட்டாள்: “குதிச்சுதான் எடுத்தாங்கன்னா, சரியா வர்ற வரைக்கும் எத்தனை தடவைம்மா குதிச்சிருப்பா? கால் வலிச்சிருக்காதா?”

நேற்று நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைக்கவில்லை.