.308-ஆ, 6.5 கிரீட்மோரா? முடிவெடுக்க முடியவில்லை

ஒரே ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்தான் வாங்க முடியும். மான் வேட்டைக்கும் அதுதான், 600 மீட்டர் இலக்குப் பயிற்சிக்கும் அதுதான். மூன்று மாதமாக .308 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர் என்ற இரண்டு தோட்டா வகைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இரண்டையும் இரவல் வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். இரண்டிலும் 22 அங்குலக் குழல். .308-இல் 168 கிரெயின் எடையுள்ள குண்டு. இருபதாவது தோட்டாவுக்குள் தோள் கன்றிப்போய், விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூட ஆரம்பித்துவிட்டேன். 6.5-இல் 140 கிரெயின். உதை குறைவு, பக்கக் காற்றிலும் குண்டு அவ்வளவாக விலகவில்லை. சரி, இதையே எடுக்கலாம் என்றால் குழல் சீக்கிரம் தேயும் என்கிறார்கள். வேட்டையில் நான் 200 மீட்டரைத் தாண்டுவதில்லை. அங்கே எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

மாதம் 100 தோட்டா சுடுகிறவனுக்கு, 6.5-ஐ விட்டு .308-க்குப் போகும் அளவுக்கு அந்தத் தேய்மானம் பெரிய விஷயமா?